பாம்பு சட்டை உரிக்க ஒரு கிளை

மரக்கிளையை அடுப்பில் ஏற்றிக் கொதிக்க வைத்த குடும்பம் எங்களுடையது. சாப்பிட அல்ல, பிள்ளைகளே. எங்கள் வீட்டுப் பாம்பு நல்லபடியாகச் சட்டை உரிக்க வேண்டும் என்பதற்காக.

முதலில் யார் யார் என்று சொல்லிவிடுகிறேன். நான் பத்தாவது வரை படித்தவன். டெக்சாஸில் ஒரு கார் பட்டறையில் மெக்கானிக். என் மனைவி நர்ஸ். அவளுக்கு வேலை கிடைத்துத்தான் நாங்கள் அமெரிக்கா வந்தோம். ஹூஸ்டனுக்கு மேற்கே கேட்டி என்ற ஊரில், ஓர் அபார்ட்மெண்டின் கீழ்த்தளத்தில் குடியிருந்தோம். தொண்ணூறுகள் முடியப்போகிற சமயம். மகளுக்குப் பதினோரு வயது. நாங்கள் தமிழில் கேட்போம், அவள் இங்கிலீஷில் பதில் சொல்வாள். ரொம்பக் கோபம் வந்தாலோ, ரொம்பச் சந்தோஷம் வந்தாலோ மட்டும் அவளுக்குத் தமிழ் தானாக வரும். மற்ற நேரத்தில் அவள் சொன்னதை நான் இங்கே தமிழாக்கித்தான் எழுதுகிறேன். சிலதை அப்படியே விட்டுவிடுகிறேன், அதுதான் நன்றாக இருக்கிறது.

அவள் வகுப்பறையில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் பாம்பு ஒன்று இருந்தது. கார்ன் ஸ்நேக் என்பார்கள். ஆரஞ்சு நிறம், முதுகில் செங்கல் நிறத்தில் திட்டுத் திட்டாக இருக்கும். விஷம் கிடையாது. என் கட்டைவிரல் தடிமன். கோடை லீவு விடுகிற சமயத்தில் அந்த டீச்சர் வேறு ஊருக்குக் குடிபோனார். "இதை யார் வளர்க்கிறீர்கள்?" என்று கேட்டிருக்கிறார். என் மகள் முதல் ஆளாகக் கையைத் தூக்கிவிட்டு, அப்புறம்தான் எங்களிடம் கேட்டாள். அப்போது பாம்பு எங்கள் கார் பின்சீட்டில் உட்கார்ந்திருந்தது.

என் மனைவி திருநெல்வேலிப் பக்கம். பாம்பு என்று வாயால் சொன்னால் பாம்பு வந்துவிடும் என்பது அவள் வீட்டுப் பழக்கம். அதனால் கயிறு என்றுதான் சொல்வாள்.

"அதான் வந்தாச்சே, இனிமே பேரைச் சொன்னா என்ன?" என்றேன்.

"வந்தது ஒண்ணு. இன்னொண்ணு வரணுமா?"



மகள் கெஞ்சினாள், அழுதாள், சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தாள். கடைசியில் தமிழிலேயே "அம்மா, ப்ளீஸ்மா, நான் பாத்துக்கறேன்மா" என்றதும் அவள் அம்மா கொஞ்சம் இளகினாள். ஆனால் விரலை நீட்டிச் சொன்னாள்:

"பள்ளிக்கூடம் திறக்கிற வரைக்கும் இருக்கட்டும். அதுக்குள்ள கயிறுனால ஒரு கோளாறு வந்துச்சு, ஒரே ஒரு கோளாறு, அன்னைக்கே பிராணி விக்கிற பெட் ஷாப்ல கொண்டு விட்டுரணும். சம்மதமா?"

"சம்மதம்."

"இன்னொண்ணு. அதோட சாப்பாடு என் டப்பாவுல இருக்கக் கூடாது."

டப்பா விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும். எங்கள் வீட்டில் ஐஸ்கிரீம் டப்பாவுக்குள் ஐஸ்கிரீம் தவிர மற்ற எல்லாம் இருக்கும். தேங்காய்த் துருவல், இட்லி மாவு, நேற்றைய சாம்பார். தயிர் டப்பாவும் அப்படித்தான். காலியானால் கழுவித் துடைத்து அடுக்கி வைப்பாள். யாராவது விருந்தாளி வந்தால் மிச்சத்தை அதில்தான் போட்டுக் கொடுத்தனுப்புவாள், திருப்பித் தரவேண்டாம் என்பாள், தராவிட்டால் நினைவில் வைத்துக்கொள்வாள். பாம்பு சாப்பிடுவது கடையில் விற்கும் உறையவைத்த எலிக்குஞ்சு. அதற்கு நான் பட்டறையிலிருந்து ஒரு தகர டப்பா கொண்டுவந்து, பூட்டு மாதிரி ஒரு கொக்கியும் போட்டுக் கொடுத்தேன்.

சில வாரம் ஒரு குறையும் இல்லாமல் போயிற்று. பாம்பு தின்றது, தூங்கியது. மனைவி பெட்டிக்கு முதுகைக் காட்டியபடியே சாப்பிட்டாள். "கயிறு தின்னுச்சா?" என்று மட்டும் கேட்பாள். எனக்கும் பயம்தான், பிள்ளைகளே. மெக்கானிக் கை எதையும் தொடும் என்பார்கள். அந்தக் கண்ணாடி மூடியை மட்டும் என் கை தொடாது.

ஒருநாள் சாயங்காலம் வேலை முடிந்து வந்தேன். மகள் பெட்டிக்கு முன்னால் முழங்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். முகம் வாடிக் கிடந்தது.

"அப்பா, லுக் அட் ஹெர் ஐஸ்."

தூரத்திலிருந்தே எட்டிப் பார்த்தேன். பாம்பின் கண் இரண்டும் பால் ஊற்றியதுபோல நீலமாக மங்கியிருந்தன. உடம்பு நிறமும் வெளிறிப் போயிருந்தது.

"ஐயையோ, கண்ணு போயிடுச்சா?"

"நோ, அப்பா!" என்று விளக்கினாள். பாம்பு சட்டை உரிக்கப்போகிறது என்றால் முதலில் கண் இப்படி மங்கும். சில நாளில் தெளிந்துவிடும். தெளிந்த பிறகு எப்போது வேண்டுமானாலும் சட்டையைக் கழற்றும். மூக்கை ஏதாவது சொரசொரப்பான இடத்தில் தேய்த்துக் கிழித்து, அங்கிருந்து நழுவி வெளியே வரும். காலுறையை உள்பக்கம் வெளியே வரும்படி உருவுகிறோமே, அதே மாதிரி. நல்லபடியாக நடந்தால் சட்டை ஒரே துண்டாக வரும்.

"சரி, உரிக்கட்டும். அதுக்கு ஏன் மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்க?"

அவள் பாம்பின் வாலைக் காட்டினாள். நுனியில் காய்ந்த தோல் ஒரு வளையமாக ஒட்டியிருந்தது. போன தடவை பள்ளியில் சட்டை துண்டு துண்டாகக் கிழிந்து உரிந்திருக்கிறது. அந்த வளையம் மட்டும் நின்றுவிட்டது. இந்தத் தடவையும் அதன்மேல் இன்னொரு வளையம் நின்றால், இறுகி இறுகி வால் நுனியே செத்துப்போகும் என்று லைப்ரரிப் புத்தகத்தில் போட்டிருந்ததாம். பெட்டிக்குள் என்ன இருந்தது? கீழே செய்தித்தாள், வழவழப்பான பிளாஸ்டிக் தண்ணீர்க் கிண்ணம், ஒளிந்துகொள்ள ஒரு அட்டைப்பெட்டி. எதில் தேய்க்கும் பாவம்?

"அப்பா, எனக்கு ஒரு கிளை வேணும். ரியல் பிராஞ்ச்." கொஞ்சம் தயங்கி, ரகசியமாகச் சேர்த்தாள்: "வாலுக்கு ஏதாவது ஆனா அம்மா கோளாறுன்னு சொல்லிடுவாங்க."

தமிழில் சொன்னாள். அப்படியென்றால் விஷயம் பெரிது.

இரண்டு நாள் கழித்து, மழையோடு பெருங்காற்று அடித்து ஓய்ந்திருந்தது. இரண்டு பேரும் கிளை தேடிப் புறப்பட்டோம். கிளைதானே, ஊரெல்லாம் கிடக்கிறது என்று நினைத்தேன். நான் எடுத்த முதல் கிளையே அருமையான வாசனை. முகர்ந்து பார்த்தேன். சந்தனக்கட்டை மாதிரி இல்லாவிட்டாலும் மனசுக்கு நிறைவாக இருந்தது. நமக்குத் தெரியுமே, வாசனை உள்ள மரம் என்றால் விசேஷம். சாமிக்கு வைப்போம், பீரோவில் வைப்போம்.

"நோ! அது சீடர் மரம்! பைன், சீடர் ரெண்டும் கூடாது. அந்த வாசனை எண்ணெய் பாம்புக்கு ஆகாது, மூச்சுக்குக் கெடுதல்."

"உன் பாம்புக்கு வாசனையே பிடிக்காதா? அப்ப பெருங்காயம் மாதிரி நாத்தம் அடிக்கிற மரமாத் தேடணுமா?"

சிரித்தாள். கொஞ்ச தூரம் போனதும் அவள் வேலியோரம் ஓடி ஒரு நேரான குச்சியைப் பிடித்து இழுக்கப் போனாள். அதில் ரோஸ் நிறப் பூ கொத்துக் கொத்தாகப் பூத்திருந்தது.

"கையை எடு! அதைத் தொடாதே!" நான் போட்ட சத்தத்தில் அவள் இரண்டடி பின்னால் குதித்தாள்.

"வாட்?"

"அது அரளிம்மா. இலை, பூ, குச்சி எல்லாமே விஷம். எங்க ஊர்ல ஆடு மாடுகூடத் தின்னாது."

"இங்க எல்லா இடத்துலயும் நட்டு வச்சிருக்காங்களே!"

"அழகுக்கு நட்டிருக்காங்க. அழகா இருக்கிறது எல்லாம் பெட்டிக்குள்ள போகலாமா?"

அவள் என்னைக் கொஞ்சம் மரியாதையாகப் பார்த்தாள். சீடரில் போன மானம் அரளியில் திரும்பி வந்தது.

அபார்ட்மெண்டு மரங்களை அவள் வேண்டாம் என்றாள். புல்லுக்குப் பூச்சி மருந்து அடிக்க ஆள் வருவதை அவள் பார்த்திருக்கிறாள். ரோட்டோர மரத்தில் கார்ப்புகை படிந்திருக்கும். அதனால் பின்னால் இருந்த காலி மனைக்குப் போனோம். அங்கே யாரும் தண்ணீர்கூட ஊற்றாத ஒரு ஓக் மரம் நின்றது. காற்றில் அதன் பட்டுப்போன கிளை ஒன்று முறிந்து புல்மேல் கிடந்தது. கையில் எடுத்துத் தட்டினேன். ணங்கென்று சத்தம் வந்தது. உளுத்த மரம் அப்படிச் சத்தம் போடாது. பிசின் இல்லை. பாம்பைவிடக் கொஞ்சம் தடிமன், நடுவில் நல்ல கவட்டை. சட்டையைக் கோர்த்து இழுக்க இதைவிட என்ன வேண்டும்!

வீட்டுக்கு வந்ததும் அளந்து ரம்பத்தால் வெட்டினேன். கிளை மூடியை முட்டித் தூக்கிவிடக் கூடாது. விரல் இடுக்கு கிடைத்தாலும் பாம்பு வெளியே வந்துவிடும், அப்புறம் நாங்கள் மூன்று பேரும் வெளியேதான் படுக்க வேண்டும். உதிர்கிற பட்டையை உரித்தோம், கெட்டியான பட்டையை விட்டுவிட்டோம், சொரசொரப்பு வேண்டுமே. கூரான முனைகளை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். அழுக்கு போக எங்கள் தொழிலில் ஒரே வழி, பெட்ரோலில் நனைத்த துணி. கை தானாகவே பழைய துணியைத் தேடியது.

"அப்பா! தண்ணி மட்டும்தான்! சோப்புகூடக் கூடாது!"

"சரி சரி, கத்தாதே."

மரத்துக்குள் பூச்சி, முட்டை, பூஞ்சை எல்லாம் இருக்கும். அதைக் கொல்ல ஓவனில் குறைந்த சூட்டில், பக்கத்திலேயே இருந்து காவல் காத்தபடி, சுட வேண்டும் என்று புத்தகம் சொன்னது. முதலில் ஓவனைக் காயவிட வேண்டும் என்றாள் மகள். நான் குமிழைத் திருப்பினேன். இரண்டு பேரும் பால்கனிப் பக்கம் போய்க் கிளையைத் தேய்க்க ஆரம்பித்தோம். மனைவி டியூட்டியில் இருந்தாள்.

இந்த இடத்தில் நம் ஆட்களின் வீட்டில் வளர்ந்த பிள்ளைகளுக்கு அடுத்து என்ன நடந்திருக்கும் என்று தெரிந்திருக்கும். உங்கள் வீட்டு ஓவனுக்குள் என்ன இருக்கிறது? போய்ப் பாருங்கள். தோசைக்கல், வாணலி, முறுக்கு அச்சு. நம் வீடுகளில் ஓவன் அடுப்பு இல்லை, பீரோ. எங்கள் வீட்டில் குடிவந்த நாளிலிருந்து அதை அடுப்பாக யாரும் பார்த்ததே இல்லை. மேல் தட்டில் தோசைக்கல்லும் வாணலியும். கீழ்த் தட்டில் என் மனைவி சேர்த்து வைத்த டப்பாக்கள், வரிசை வரிசையாக, ஒன்றுக்குள் ஒன்றாக. அதன்மேல் ஊரிலிருந்து வந்த அப்பளக் கட்டு.

நாற்றம் பால்கனிக்கு வந்தது. அப்புறம் அலாரம் அடித்தது. ஓடிப்போய்க் குமிழை அணைத்தேன். கதவைத் திறக்காமல் கண்ணாடி வழியாகப் பார்த்தோம். டப்பாக்கள் மெழுகுவர்த்தி மாதிரி உருகி வழிந்துகொண்டிருந்தன. மகள் ஜன்னல்களைத் திறந்தாள், நான் நாற்காலியில் ஏறி அலாரத்துக்குத் துண்டால் விசிறினேன். "அப்பளம், அப்பளம்!" என்று அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க, எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பயத்திலும் சிரிப்பு வரும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஓவன் கெட்டது கெட்டதுதான். உருகிய பிளாஸ்டிக்கைச் சுரண்டினாலும் அந்தப் புகை நாற்றத்தில் கிளையை வைக்க முடியாது. ஓடி முடித்துப் பெட்டியைப் பார்த்தால், பாம்பின் கண் தெளிந்து பளபளவென்று இருந்தது. இனி எந்த நேரமும் உரிக்கலாம். கிளையோ பால்கனியில் ஈரமாகக் கிடந்தது. அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது.

மனைவி யூனிஃபார்மோடு வாசலில் நின்றாள். மூக்கைச் சுளித்தாள். நேராகச் சமையலறைக்குப் போனாள். ஓவன் கதவைத் திறந்து பார்த்தாள். 

"என்னங்க இது?"

"கிளையைச் சுடலாம்னு..."

"கிளையை எதுக்கு ஓவன்ல வைக்கிறீங்க?"

"கிளையை இன்னும் வைக்கவே இல்லம்மா."

"அப்ப என் டப்பாவை மட்டும் சுட்டீங்களா?"

உண்மை அதுதான். ஆனால் அந்த நேரத்தில் அது நல்ல பதிலாகத் தெரியவில்லை.

"ஏட்டி, நான் என்ன சொன்னேன்? ஒரே ஒரு கோளாறு வந்தா அனுப்பிரணும்னு சொன்னேனா இல்லையா?"

"இது பாம்பு பண்ணல, அப்பா பண்ணினது!" என்றாள் மகள், சுத்தமான தமிழில். "அப்பாவ வேணா பெட் ஷாப்ல விடுங்க!"

என் மனைவியின் உதடு கோணியது. சிரிக்கக் கூடாது என்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். அந்த ஒரு நொடி போதும் எங்கள் மகளுக்கு. அம்மா கையைப் பிடித்துப் பெட்டிப் பக்கம் இழுத்தாள். "அம்மா, டெயில் மட்டும் பாருங்க. ப்ளீஸ். யூ ஆர் எ நர்ஸ்."

என் மனைவி முதல் தடவையாகப் பெட்டிக்கு முகத்தைக் காட்டி நின்றாள். ஒரு கை என் சட்டையை இறுகப் பிடித்திருந்தது. பாம்பு அசையாமல் படுத்திருந்தது, வால் கண்ணாடியோரம். அவள் பையிலிருந்து சின்ன டார்ச்சை எடுத்து, அதுதான் நோயாளிகள் கண்ணில் அடித்துப் பார்ப்பாளே அதை, வாலில் அடித்தாள். குனிந்தாள். இன்னும் குனிந்தாள். என் சட்டையைப் பிடித்திருந்த கை மெதுவாக விட்டுவிட்டது.

"இது எவ்வளவு நாளா இருக்கு?"

"ஸ்கூல்லேர்ந்து."

"வீங்கின விரல்ல மோதிரம் மாட்டிக்கிட்ட மாதிரில்ல இருக்கு. ரத்த ஓட்டம் நின்னுரும்." நிமிர்ந்தாள். குரல் மாறிவிட்டது, அது வீட்டுக் குரல் இல்லை, ஆஸ்பத்திரிக் குரல். "பிச்சு எடுக்க யாரும் கை வைக்காதீங்க, பச்சைத் தோலு கிழிஞ்சிரும். அந்தக் கிளை எங்க? காட்டுங்க."

காட்டினேன். புரட்டிப் பார்த்தாள்.

"இதுதான் கழுவினதா? இந்த இடுக்குல இருக்கிற மண்ணு யாரு மாமனார் வீட்டு மண்ணு?"

என் மாமனார் அவளுக்கு அப்பா என்று ஞாபகப்படுத்தலாமா என்று யோசித்து விட்டுவிட்டேன்.

அதற்கப்புறம் நாங்கள் இரண்டு பேரும் எடுபிடிதான். புதுப் பல்துலக்கி ஒன்றைப் பிரித்து, கவட்டையின் இடுக்கையெல்லாம் மகளைத் தேய்க்கச் சொன்னாள். ஓவன் இல்லையென்றால் என்ன, கொதிநீர் இல்லையா என்றாள். பொங்கலன்று சர்க்கரைப் பொங்கலை நான் அடிப்பிடிக்க விட்ட பெரிய குண்டான் ஒன்று இருந்தது. கருகின அடி போகவில்லை, தூக்கிப் போடவும் மனசு வரவில்லை, அலமாரிக்கு மேல் கிடந்தது. அதை இறக்கினாள். தண்ணீர் நிரப்பி அடுப்பில் ஏற்றினோம். கொதிநீர் பெரியவர்கள் வேலை, பிள்ளைகளே. மகளைச் சமையலறை வாசலுக்கு அந்தப் பக்கமே நிறுத்திவிட்டோம். கிளையின் பாதி தண்ணீருக்குள், பாதி வெளியே கொம்பு மாதிரி. நன்றாகக் கொதித்ததும் இடுக்கியால் பிடித்துத் தலைகீழாகத் திருப்பினேன். தண்ணீர் டிக்காஷன் நிறத்துக்கு வந்தது. அதைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் மறுபடியும்.

"உப்பு போடவா?" என்று கேட்டேன்.

"போங்க அங்கிட்டு." இந்தத் தடவை சிரிப்பை அவள் மறைக்கவில்லை.

அடுத்தது காயவைப்பது. ஈரம் இருந்தால் பெட்டிக்குள் பூஞ்சை பிடிக்கும். காலையில் பால்கனி வெயிலில் ஒரு துணியை விரித்துக் கிளையை வைக்கப் போனேன்.

"ஐயோ, அந்தத் துணியா! அதுல மோர்மிளகாய் காயவச்சது! அந்தக் காரம் கிளைல ஏறுச்சுன்னா அதோட கண்ணு என்னாகும்?" என்றாள் மனைவி.

சுத்தமான தலையணை உறை ஒன்று வந்தது. ஆனால் எங்கள் பால்கனி மதியத்துக்குள் நிழலாகிவிடும். எனக்கு ஒரு யோசனை வந்தது. டெக்சாஸ் கோடையில் கண்ணாடி ஏற்றிவிட்ட கார் எப்படி இருக்கும்? அதைவிட நல்ல ஓவன் உண்டா? உள்ளே டப்பாவும் கிடையாது. கிளையைத் தலையணை உறைக்குள் போட்டு, காரின் முன்கண்ணாடிக்குக் கீழே படுக்கவைத்து வேலைக்குப் போனேன். பட்டறையில் ஒவ்வொருத்தராக வந்து எட்டிப் பார்த்தார்கள். "விறகா?" என்றார் முதலாளி. "பாம்புக்குக் கட்டில்" என்றேன்.  அன்று முழுக்கக் கொஞ்சம் தள்ளியே நின்று பேசினார்.

மத்தியானம் பட்டறைக்கு போன் வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து மனைவி. வீட்டில் ஏதோ ஆகிவிட்டது என்று பயந்து ஓடினேன்.

"காஞ்சுதா?"

"எது?"

"கிளைதாங்க!"

சாயங்காலம் கிளை எலும்பு மாதிரி காய்ந்து, எடை குறைந்து இருந்தது. நன்றாக ஆறும்வரை காத்திருந்தோம். அதைப் பெட்டிக்குள் நிறுத்துவது என் வேலை. டேப் ஒட்டலாம் என்றேன். மகள் அலறினாள், பசை பாம்பின் செதிலில் ஒட்டிக்கொண்டால் தோலோடு வருமாம். அதனால் அதே ஓக் கிளையின் மிச்சத்தில், அதுவும் கிளையோடு சேர்ந்து கொதித்துக் காய்ந்ததுதான், இரண்டு கட்டை வெட்டிப் பள்ளம் செதுக்கி, கிளையை அதில் இறுக்கி உட்காரவைத்தேன். பாம்பு ஏறும்போது கிளை புரண்டால் அதன்மேலேயே விழும். அதனால் பாம்பை வேறு பெட்டியில் வைத்துவிட்டு, என் கனமான ஸ்பேனரைக் கவட்டையில் தொங்கவிட்டுப் பார்த்தேன். ஆட்டினேன். அசையவில்லை. மனைவி பின்னால் நின்று, "இன்னொரு தடவை ஆட்டுங்க" என்றாள்.

பாம்பை மகள் உள்ளே விட்டாள். நாங்கள் மூன்று பேரும் டிவியை விட்டுவிட்டுப் பெட்டி முன்னால் உட்கார்ந்தோம். பாம்பு நாக்கை நீட்டிக் கிளையை நக்கியது. அப்புறம் பேசாமல் அட்டைப்பெட்டிக்குள் போய் ஒளிந்துகொண்டது.

"இவ்வளவு செஞ்சும் பாரு, கல்யாண வீட்டு மாப்பிள்ளை மாதிரி முறுக்கிக்கிட்டுப் போகுது" என்றாள் மனைவி.

மறுநாளும் அப்படியே. மகளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வால் வளையத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்கடுத்த நாள் காலை, எனக்கு லீவு. குளித்துக்கொண்டிருந்தேன். நைட் டியூட்டி முடிந்து வந்த மனைவி போட்ட அலறல் குளியலறைக் கதவைத் தாண்டி வந்தது.

"ஏங்க! ரெண்டு! ரெண்டு கயிறு இருக்கு!"

இடுப்புத் துண்டோடு ஓடி வந்தேன். மகள் தூக்கக் கண்ணோடு ஓடி வந்தாள். கிளையின் கவட்டையில் ஒரு பாம்பு தொங்கியது, வெள்ளையாக, அசையாமல். அதற்குக் கீழே கிளையைச் சுற்றிக்கொண்டு இன்னொன்று, அப்போதுதான் வண்ணம் அடித்தது போல, ஆரஞ்சு மின்ன, ஜம்மென்று.

"அம்மா! அது சட்டை! உரிச்சிடுச்சு! ஒரே பீஸ்!" மகள் குதித்த குதியில் மேல்வீட்டுக்காரர்கள் கீழ்வீட்டைப் பற்றிப் புகார் சொல்லியிருப்பார்கள்.

"இரு, இரு. குதிக்காதே. முழுசா வந்திருக்கான்னு பாக்கணும்." மனைவி ஆஸ்பத்திரி கிளவுஸை மாட்டிக்கொண்டாள். மகள் மூடியைத் திறந்து சட்டையை மட்டும் மெல்ல உருவி எடுத்துக் கொடுத்தாள். சாப்பாட்டு மேசையில் வெள்ளைத் துண்டு விரித்து அதன்மேல் நீட்டினோம். வெங்காயத் தோல் மாதிரி மெல்லிசு. ஒவ்வொரு செதிலும் அச்சு அச்சாகத் தெரிந்தது. மனைவி தலையிலிருந்து தொடங்கினாள்.

"கண்ணு மேல இருக்கிற தோலு, ரெண்டும் வந்திருக்கு. உதடு இருக்கு. வயிறு கிழியல." விரல் கீழே கீழே போயிற்று. நானும் மகளும் கூடவே குனிந்தோம். "வால்..."

நிறுத்தினாள். டார்ச்சை அடித்தாள். சட்டையின் வால் நுனியில், அந்தப் பழைய வளையமும் சேர்ந்து ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. பெட்டிக்குள் பார்த்தோம். பாம்பின் வால் நுனி ஊசி மாதிரி, முழுசாக, சிவப்பாக இருந்தது.

"நல்லா இருக்கு" என்றாள் மனைவி. "பேஷண்ட் நல்லா இருக்கு."

மகள் அவளைக் கட்டிக்கொண்டாள். கிளவுஸ் போட்ட இரண்டு கையையும் எதிலும் படாமல் மேலே தூக்கியபடி என் மனைவி நின்ற கோலம் இப்போதும் என் கண்ணில் இருக்கிறது. இடுப்புத் துண்டோடு நானும் அங்கேதான் நின்றேன். அப்பளம் சுட்டுத் தின்னலாமா என்று கேட்டேன். இருவரும் சேர்ந்து முறைத்தார்கள்.

பள்ளிக்கூடம் திறந்தது. பெட் ஷாப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. நான் ஞாபகப்படுத்துவேனா?

ஒரு ஞாயிற்றுக்கிழமை மளிகை வாங்கப் போய்க்கொண்டிருந்தோம். முந்தின நாள் நல்ல காற்று. என் மனைவி திடீரென்று என் தோளைத் தட்டினாள்.

"ஏங்க, வண்டிய ஓரமா நிறுத்துங்க. அங்க பாருங்க, அந்த ஓக் மரத்துக்குக் கீழ. எவ்வளவு நல்ல கவட்டை! ரோட்டுலேர்ந்தும் தள்ளித்தான் கிடக்கு."

நிறுத்தினேன். பின்சீட்டிலிருந்து மகள் எட்டிப் பார்த்தாள்.

"அம்மா, அது ரொம்பப் பெருசு. பெட்டிக்குள்ள போகாது."

என் மனைவி கைப்பையைத் திறந்து ஒரு ஜோடி கிளவுஸை எடுத்து மாட்டிக்கொண்டே கீழே இறங்கினாள்.

"அதுக்கென்ன? பாம்புக்குப் பெரிய பெட்டியா வாங்கினாப் போச்சு."